வாளிப் படை

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பியது ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, எரிபொருளோடு உள்ளே வந்தது ‘டான் காஞ்சிபுரம்’. அவ்வளவு பெரிய கடலில் ஒதுங்க இடமில்லை போலும்.

சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகத் தரப்பு முதலில் அறிக்கை விட்டது. கடலில் கொட்டிய எண்ணெய்க்கு அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்குத் தெற்கே நகர்ந்து மெரினாவையும் திருவான்மியூரையும் எட்டிப் பார்த்தது.

திட்டம் இல்லாமல் இல்லை. எண்ணெய்க் கசிவுப் பேரிடருக்கான தேசியத் திட்டம் 1996-லேயே வந்துவிட்டது. பொறுப்பு கடலோரக் காவல்படையிடம். எண்ணெய் பரவாமல் மிதவைத் தடுப்புப் போடுவது, மேலாக வழித்தெடுப்பது என்று எல்லாவற்றுக்கும் வழிமுறை உண்டு. எண்ணெய் ஒதுங்கிய எர்ணாவூர்க் கரையின் பாறை இடுக்குதான் அதைப் படித்திருக்கவில்லை. உறிஞ்சு லாரிகள் வந்தன. கூழாக இறுகிய எண்ணெய் குழாயில் ஏற முரண்டு பிடித்தது. கடைசியில் கைகொடுத்தது வாளி. மாணவர்களும் மீனவர்களும் காவல்படையினரும் வரிசைகட்டி நின்று கைமாற்றினார்கள். கல்யாணப் பந்திக்குச் சாம்பார் வாளி போகிற அதே ஒழுங்கு.

ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. இந்த முறை கருவியில் மாற்றம் தெரிந்தது: வாளியோடு பிளாஸ்டிக் மக்கும் சேர்ந்திருந்தது. மீனவர்கள் படகில் குனிந்து உட்கார்ந்து, மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். பலர் கையில் உறைகூட இல்லை.