கொல்லந் தெருவுல ஊசி தேடுனவன்

ஏண்டா அப்புனு, பாலித் தீவுக்குப் போயி நாலு நாள் வாடகை ஸ்கூட்டர் ஓட்டிப்போட்டு வந்தியாமா. "அப்பிச்சி, கியர் இல்ல, கிளட்ச் இல்ல, பட்டனை அமுக்கி முறுக்குனாப் போதும், பஞ்சாட்டம் போகுது"ன்னு போன்ல ஒரே அலப்பறை. நீ குடியிருக்கறது எந்த ஊர்டா? புனே. கொல்லந் தெருவுல இருந்துக்கிட்டு ஏரோப்ளேன் ஏறிப் போயி ஊசியைப் பாத்தவன் நீதான்.

உன்ற ஊர் பிரோதியா வீட்டுக்காரங்க 1972-லயே லூனா மொபெட்டை உருட்டி விட்டவங்க. 1984-ல ஜப்பான் ஹோண்டாவோட கூட்டுச் சேந்தாங்க. அதுல வந்ததுதான் கைனடிக் ஹோண்டா. 98 சிசி, கியர் கெடையாது, பட்டன் ஸ்டார்ட்டு. சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணங்கட்டிப்போட்டு சனம் வருசக்கணக்காக் காத்துக் கெடந்த காலம் அது. எங்கிட்டயும் ஒரு கியர் ஸ்கூட்டர் இருந்துச்சு, கம்பெனி பேரு எதுக்கு இப்ப? ஒருக்களிச்சுச் சாய்ச்சு, நாலு மிதி மிதிச்சு, குலசாமியக் கும்பிட்டாத்தான் உசுரு வரும். கைனடிக்கைப் பாத்து "அது பொம்பளை வண்டி"ன்னு மீசைய முறுக்குனேன். உன்ற அம்மாயி அவ தம்பியோட கைனடிக்கை வாங்கிக்கிட்டு சந்தைக்குப் போயி, தக்காளியோட திரும்பி வந்து நின்னா. நான் இன்னும் மிதிச்சுக்கிட்டிருந்தேன்.

உள்ள ஒரு மந்திரமும் இல்ல கண்ணு. ரெண்டு கப்பி, ஒரு பெல்ட்டு. என்ஜின் வெசையாச் சுத்தச் சுத்த முன்கப்பிக்குள்ள இருக்கற உருளைக வெளிய ஓடி அந்தக் கப்பிய நெருக்கும், பெல்ட்டு மேலேறும். அதுதான் கியர் மாத்தற ஆளு. அந்தப் பெல்ட்டும் தேயும். அத்துப்போச்சுன்னா நீ எத்தனை முறுக்குனாலும் என்ஜின் கத்தும், வண்டி நகராது. சர்வீசுல அதைப் பாக்கச் சொல்லு, கழுவி மெழுகு பூசறதைப் பொறவு பாத்துக்கலாம்.

நீயும் அப்படியொரு ஸ்கூட்டர் வாங்கோணும்னா வாங்கு, வேண்டாங்கல. ஆனா காத்ரஜ் மலைப்பாதை எறக்கத்துல பெட்ரோல் மிச்சம் புடிக்கறேன்னு என்ஜினை அணைச்சுப்போட்டு உருட்டாத. கியர் வண்டியின்னா ரெண்டாம் கியர்ல போட்டு இழுத்துப் புடிக்கலாம். இதுல வேகம் கொறைஞ்சா கிளட்ச்சு தானா விட்டுப்போடும், பிரேக்குதான் தொணை. எடது கைக்குச் சோலி இல்லைன்னு அதுல போனைப் புடிச்சராத, பின் பிரேக்கு அந்தக் கையிலதான் இருக்குது.

அப்பறம் ஹெல்மெட். அது வேண்டாம்னு போராட்டம் பண்ணுன ஊராச்சே உன்றது! ஊரோட ஒத்துப்போன்னு சின்னதுல சொல்லிக் குடுத்தேன், இதுல மட்டும் ஒத்துப்போகாத.

வண்டி வந்ததும் எனக்கு ஒரு போன் போடு. ஓரமா நிறுத்திப்போட்டுப் போடு.