ஆங்கில வழியில் எரிச்சலூட்டுதல்

ஆங்கிலத்தில் ஒருவரைக் கடுப்பேற்றப் பல வினைச்சொற்கள் உண்டு. காரம்தான் சொல்லுக்குச் சொல் வேறு. காதோரம் கொசு பாடினால் அது 'அனாய்' செய்கிறது, அவ்வளவுதான். லத்தீனில் வெறுப்பைக் குறித்த தொடரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. ஆங்கிலேயரிடம் வந்து முகச்சுளிப்பாக இளைத்துவிட்டது. 'இர்க்' இன்னும் மெலிந்தது. அதற்கு ஆளானவர் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

'இரிட்டேட்' தோலுக்கும் மனதுக்கும் பொது. மட்டமான சோப்பும் செய்யும், மாடிவீட்டுக்காரரும் செய்வார். 'நெட்டில்' ஒரு செடியின் பெயர். செந்தட்டியைப் போலவே மேலே பட்டால் அரிக்கும். போகிறபோக்கில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவதற்கு இந்த வினை பொருந்தும்.

'வெக்ஸ்' என்றால் லத்தீனில் பிடித்து உலுக்குவது. பேச்சில் பழசாகிவிட்ட இந்தச் சொல் நீதிமன்றத்தில் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. எதிராளியை அலைக்கழிப்பதற்காகவே போடும் வழக்கு 'வெக்ஸேஷியஸ்' வழக்கு. அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் வேல்ஸ் இளவரசர், கேன்டர்பரி பேராயர் என்று பெரிய இடமாகப் பார்த்து வழக்குத் தொடுத்துக்கொண்டே இருந்தார். அவரைப் போன்றவர்களுக்காக 1896-இல் பிரிட்டனில் ஒரு சட்டமே வந்தது. சென்னை மாகாணமும் 1949-இல் இப்படியொரு சட்டம் இயற்றியது. அதன்படி உயர் நீதிமன்றம் ஒருவரை இந்த வகையில் சேர்த்துவிட்டால், அவர் முன் அனுமதி வாங்காமல் வழக்குப் போட முடியாது. எரிச்சலூட்டவும் மனுப் போட்டு அனுமதி கேட்க வேண்டும்.

'அக்ரவேட்' என்பதன் முதல் வேலை, உள்ள நோயை முற்றவைப்பது. எரிச்சலூட்டுவது என்ற பொருளில் அதை ஆள்வதை ஆங்கில மொழி அறிஞர் ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட தமது நடை அகராதியில் கண்டித்தார். அந்தப் பொருளோ அதற்குள் சுமார் முந்நூறு ஆண்டு புழங்கிவிட்டது. இலக்கணக்காரர்களைச் சீண்ட இன்றும் இந்த ஒரு சொல் போதும்.

அடுத்தது விலங்குகளின் முறை. விடாமல் நச்சரிப்பது 'பேட்ஜர்' செய்வது. பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பிராணி. இரவில் வெளியே வந்து மண்புழு தின்னும்; யாரையும் நச்சரித்ததாகத் தகவல் இல்லை. நாய்களை ஏவி அதைக் குதறவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் மனிதர்கள். பிரிட்டனில் 1835-இல் அந்த விளையாட்டைச் சட்டம் தடைசெய்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். 'ஹவுண்ட்' விஷயத்தில் இந்த அநியாயம் இல்லை. வேட்டைநாய் உண்மையிலேயே துரத்தும். 'பெஸ்டர்' குதிரைக்குக் கால்கட்டுப் போட்டதிலிருந்து வந்தது.

'டீஸ்' கம்பளியைப் பிரித்தெடுக்கும் வேலை, 'ஹெக்கிள்' சணல் நாரை இரும்புப் பல் சீப்பால் வாரும் வேலை. நார் போய்விட்டது, இப்போது சீப்பில் சிக்குவது மேடைப் பேச்சாளர்.

'எக்ஸாஸ்பரேட்' பொறுமை தீர்ந்த இடம். அதை எதிரிகளை விடச் சொந்தக்காரர்களே நன்றாகச் செய்வார்கள். அதற்கு மேலே 'இன்ஃப்யூரியேட்', 'என்ரேஜ்', 'இன்சென்ஸ்'. கடைசிச் சொல்லின் வேர் தீ மூட்டுவது. அதே எழுத்துகளில் முதல் அசையை அழுத்தினால் சாம்பிராணி, இரண்டாம் அசையை அழுத்தினால் சண்டை.

இந்த வினைகள் அனைத்துக்கும் இலக்கணம் ஒன்றே. மூட்டுபவர் எழுவாய், மூள்பவர் செயப்படுபொருள். 'இங்' விகுதி முன்னவருக்கு, 'எட்' விகுதி பின்னவருக்கு. தனக்கு எரிச்சலாக இருக்கிறது என்று எழுத நினைக்கும் மாணவர் 'ஐ ஆம் இரிட்டேட்டிங்' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால், அவரை அறிந்த ஆசிரியர் சுழிக்கவும் முடியாமல் முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.