அன்றைக்கு நான் சேப்பாக்கத்தில் இருந்தேன்!

டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றிலேயே இரண்டு ஆட்டங்கள்தான் 'டை'யில் முடிந்திருக்கின்றன. ஒன்று 1960, பிரிஸ்பேன். மற்றது 1986 செப்டம்பர், நம்ம சேப்பாக்கம். கடைசி நாள் அந்த மைதானத்தில் இருந்ததாக இதுவரை என்னிடம் சொன்னவர்களை மட்டும் கூட்டிவந்தாலே, கேலரி நிரம்பி மெரினா மணல்வரை ஆள் நிற்கும்.

யார் நிஜம், யார் புருடா என்று கண்டுபிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. நேரடியாகக் கேட்டால் சிக்க மாட்டார்கள். கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங், எல்பிடபிள்யூ, போட்டது அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்த கிரெக் மேத்யூஸ், இலக்கு 348, எடுத்தது 347. இதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். எதிர்முனையில் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி நின்றதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் கிரிக்கெட்டையே கேட்பதில்லை.

"நல்லவேளை சார், ஞாயித்துக்கிழமையாப் போச்சு. லீவு போடற வேலை மிச்சம், இல்லே?"

"ஆமாமா, குடும்பத்தோட போனோம்!"

முடிந்தது கதை. செப்டம்பர் 22, திங்கட்கிழமை.

இந்த வித்தையை வீட்டுக்குள் காட்டியதுதான் தப்பு. ஒருநாள் மாமனார், வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்ததைத் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாக ஆரம்பித்தார். 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிராக. 52 வருஷம் யாராலும் அசைக்க முடியாத சாதனை. எல்லாம் சரி. "சேப்பாக்கத்துல அப்பல்லாம் என்னமா கடல் காத்து வரும் தெரியுமா மாப்ளே" என்றார் பாருங்கள், என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மாமா, அந்த மேட்ச் சேப்பாக்கத்துல நடக்கலை. சென்ட்ரல் பக்கத்துல, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல."

மாமனார் ஒன்றும் பேசவில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவியும் பேசவில்லை. தட்டில் விழவிருந்த இரண்டாவது வடை மட்டும் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. மூன்று நாள் ரசஞ்சாதம்.

அதன் பிறகு வெளியாட்களோடு நிறுத்திக்கொண்டேன். போன மாதம் பூங்காவில் அறிமுகமான ஒரு பெரியவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதே வசனத்தைச் சொன்னார். சரி, இன்னொரு புருடா என்று நினைத்துக்கொண்டு, மணிந்தர் அவுட்டான பந்தைப் பற்றிக் கேட்டேன். பேட்டில் பட்டது என்று மணிந்தரே சொல்லிக்கொண்டிருக்கிறாரே, நீங்கள் பார்த்தீர்களா?

"எங்க பாத்தேன்? முன்னாடி சீட்டுக்காரன் எந்திரிச்சு நின்னுட்டான். அவன் சட்டை முதுகுல ஊதாக் கோடு போட்டிருந்தது. அதான் பாத்தேன்."

"அப்புறம்?"

"ஒரே சத்தம். ஜெயிச்சுட்டோம்னு நெனச்சு பக்கத்துல இருந்தவரைக் கட்டிப்பிடிச்சேன். அவரும் அழுதார். எதுக்குன்னு கேட்டுக்கல. திருவல்லிக்கேணி டீக்கடை ரேடியோவுலதான் 'டை'ன்னே தெரிஞ்சுது."

ஒரு புள்ளிவிவரம்கூடச் சரியாக வரவில்லை. மேத்யூஸா, வேறு யாரோவா என்பதே நினைவில்லை. எனக்குக் கொஞ்சம் உதறலெடுத்தது. இருந்தாலும் பழக்கதோஷம் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமைதானே சார் அது?"

"யார் சொன்னா? திங்கக்கிழமை. மாமியாருக்கு ரொம்ப முடியலைன்னு மேனேஜருக்கு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போனேன். எலுமிச்சஞ்சாதம் கட்டிக் குடுத்தனுப்பினதே அவங்கதான்."