காசோலையில் இரண்டு கையெழுத்து

கேள்வி: ஊராட்சிப் பணம் பறிபோனால் பொறுப்பாளர்களின் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்க முடியுமா? (வாசகர், பாலவனத்தம்)

பதில்: முடியும். கையாடலாலோ கடமை தவறியதாலோ நேர்ந்த இழப்பை, அதற்குக் காரணமானவரிடமிருந்தே ஈடுகட்டும் முறைக்குத் தண்டத்தீர்வை என்று பெயர். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்று விதித்திருப்பதால், வானம் பார்த்த அருப்புக்கோட்டைச் சீமையில் தூர்வாராத கண்மாயைத் தூர்வாரியதாக அளவுப் புத்தகத்தில் எழுதிப் பணம் எடுக்கப்பட்டால், படித்துப் பாராமல் கையெழுத்திட்ட இரண்டாமவர் அறியாமையைக் காட்டித் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகரவையின் முன்னாள் தலைவி ஷெர்லி போர்ட்டர், வாக்குகளைக் கருதி நகரவை வீடுகளை விற்றதற்கான தண்டத்தீர்வை வழக்கில், 2004இல் 1.23 கோடி பவுண்டு செலுத்த உடன்பட்டார். எனினும் பணம் போன பின்னரே தண்டத்தீர்வை வருமாதலால், அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.