தேதி பார்த்துத் தப்பு செய்யுங்கள்

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். வாஸ்து நாள், கரிநாள், நிலைவாசல் வைக்க நல்ல ஓரை எல்லாம் பார்த்து, ஈசானி மூலையில் செங்கல்லுக்கு மஞ்சள் பூசுகிறார்கள். பாவம், தப்பான பஞ்சாங்கம். இந்த ஊரில் ஒரு கட்டடத்தின் ஜாதகத்தை எழுதும் தேதிகள் அரசாணைகளில் வருகின்றன. 1999 பிப்ரவரி 28. 2007 ஜூலை 1. 2016 அக்டோபர் 20. இந்த மூன்றையும் பூஜை அறையில் எழுதி மாட்டி வையுங்கள். இந்தத் தேதிகளுக்கு முன்னால் தப்பு செய்தவர்களுக்கு மோட்சம் உண்டு. மறுநாள் செய்தவர்கள் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். தப்பே செய்யாதவர்களுக்குத்தான் எந்தத் திட்டமும் இல்லை.

முதல் தேதியின் கதை இது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே ஆலை, பக்கச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை அடி என்றெல்லாம் அதன்கீழ் விதி எழுதினார்கள். எழுதிய விதியை யாரும் மதிக்கவில்லை என்பது தெரியவர இருபத்தைந்து வருடம் ஆயிற்று. தெரிந்ததும் அரசு கோபப்பட்டிருக்க வேண்டும். அது கணக்குப் போட்டது. 1998இல் சட்டத்துக்குள் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, மீறியவர்கள் பணம் கட்டினால் மீறல் இல்லை என்றது. இந்த ஒரு தடவை மட்டும்தான் என்ற உறுதிமொழியை நம்பி உச்ச நீதிமன்றமும் 2000இல் அதை ஏற்றுக்கொண்டது. இதுதான் கடைசி கிளாஸ் என்று சத்தியம் செய்கிற குடிகாரனை நம்பிய மாதிரி. அதே 2000இல் நீட்டித்தார்கள். 2001இலும் நீட்டித்தார்கள். 2002இலும் நீட்டித்தார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்து கிளாஸைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அதோடு நின்றதா? 2011 அக்டோபர் கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். ஊரே அதிர்ந்தது. சட்டம் தூங்கி எழுந்துவிட்டது என்று பலர் நம்பினோம். அடுத்த ஜனவரியில், பொங்கலை ஒட்டி, தற்காலிகமாகத் திறந்துகொள்ள உச்ச நீதிமன்ற அனுமதி வந்தது. புதுத் துணி எடுக்காமல் தமிழன் எப்படிப் பொங்கல் கொண்டாடுவான்! பிறகு 113-சி என்ற புதுப் பிரிவும், 2007 ஜூலை 1 என்ற புதுத் தேதியும் வந்தன. 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து விடிய விடிய எரிந்தது. தீயணைப்பு வண்டி சுற்றி வரக்கூட இடம் விடாமல் கட்டுவது என்றால் என்ன என்பதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மறுமாதம், ஜூன் 2017இல், அரசு நடவடிக்கை எடுத்தது. விதிமீறிய பழைய கட்டடங்களை வரன்முறை செய்வதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

இப்போது இன்னொருவரைப் பாருங்கள். அதே ஊரில், மாம்பலத்திலோ பெரம்பூரிலோ, வங்கிக் கடன் வாங்கி ஒரு கிரவுண்டில் வீடு கட்டியவர். வரைபடத்தில் பக்கத்துக்கு ஐந்தடி என்று போட்டிருந்தால் ஐந்தடி விட்டவர். ஒரு படுக்கையறை குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டவர். பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டுச் சுவர்மேலேயே பில்லர் ஏற்றினார். அவருடைய ஜன்னலுக்கு வெளிச்சம் இவர் விட்ட ஐந்தடியிலிருந்து போகிறது. அவருடைய ஏசி பெட்டி இவர் விட்ட காற்றில் தொங்குகிறது. கொஞ்சம் கட்டணம் செலுத்தி அவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். வாடகையில் அதை எப்போதோ எடுத்துவிட்டார். இவர் இழந்த அறைக்கு எந்த அலுவலகத்தில் மனு போடுவது? நேர்மைக்கு வரன்முறைத் திட்டம் ஒன்று கொண்டுவந்தால் எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

மூன்றாவது தேதி மனை வாங்கியவர்களுடையது. புறநகரில் ஏரிக்கரையும் புன்செயுமாக இருந்த நிலத்தில் செம்மண் சாலை போட்டு, கலர் கொடி கட்டி, மஞ்சள் கல் நட்டு விற்றார்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரை இருந்தால் போதும், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்றார்கள். அந்த முத்திரைக்குச் சட்டத்தில் காலணா மதிப்பில்லை என்பது பத்திரப் பதிவுத் துறைக்குத் தெரியும். தெரிந்தே முத்திரைத்தாள் வரியையும் பதிவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் பதிந்தது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, மகள் கல்யாணத்துக்கு அரை கிரவுண்டை விற்கப் போனவர் சார்பதிவாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். 2017 மே மாதம் திட்டம் வந்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டவேண்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பூங்காவையும் பள்ளிக்கூடத்து இடத்தையும் சேர்த்துக் கூறுபோட்டு விற்றவரா? அவர் அடுத்த ஊரில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். ஏமாந்தவர்தான் கட்டினார். திருடு கொடுத்தவனிடமே அபராதம் வாங்கும் அரசு வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

இதெல்லாம் தப்பு முற்றிச் சட்டமாகும் கதை. சட்டம் முற்றித் தப்பாகும் கதை ஒன்று இருக்கிறது. அதற்குப் பள்ளிக்கரணைக்குப் போக வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்வரை படர்ந்து கிடந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து ஆற அமர நின்று, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும் இடம். அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். வருவாய்த் துறை ஏடுகளில் இதற்குக் கழுவெளி என்றும் தரிசு என்றும் பெயர். ஆங்கிலேயன் காலத்து எழுத்தர் வரி வசூலாகாத நிலத்தைத் தரிசு என்று எழுதினார். நம்மவர்கள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே முதலில் குடியேறிய ஆக்கிரமிப்பாளர் யார்? அரசாங்கம். மாநகராட்சி பெருங்குடியில் 200 ஏக்கருக்கு மேல் குப்பை கொட்டியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வந்தது. காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பறக்கும் ரயில் சதுப்பில் தூண் நட்டது. சோழிங்கநல்லூர்ப் பக்கம் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று அரசே சிறப்புப் பொருளாதார மண்டலம் வகுத்தது. தண்ணீரில் நிற்கும் பூநாரைக்கு மட்டும்தான் யாரும் மனை ஒதுக்கவில்லை. பிறகுதான், அரசே போகிறதே என்று தைரியம் பெற்று, தவணையில் வீடு வாங்குகிறவர்கள் போனார்கள். சும்மா போகவில்லை. பட்டா பார்த்தார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தார்கள். வக்கீலிடம் கருத்துக் கேட்டார்கள். வங்கி தனி வக்கீல் வைத்துப் பார்த்தது. 2008இல் வெளியான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் தங்கள் சர்வே எண் மஞ்சள் நிறக் குடியிருப்பு மண்டலமாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

2015 டிசம்பரில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு திரும்பவும் வந்தது. தரைத்தளத்தில் ஃபிரிட்ஜ் மிதந்தது, படகில் பால் வந்தது. சதுப்பு நிலத்திடம் யாரும் திட்ட அனுமதியைக் காட்டியிருக்கவில்லை போலிருக்கிறது. இடையில், 2022இல், 1,248 ஹெக்டேர் அளவுக்கு அதை ராம்சார் பட்டியலில் சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். எந்த 1,248 ஹெக்டேர் என்று களத்தில் அளந்து கல் நட்டுவிட்டுப் பெருமைப்பட்டிருக்கலாம். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எல்லையும் தாக்க மண்டலமும் அறிவியல்படி வரையறுக்கப்படும்வரை, ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக்கூடாது என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பாயத்தை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது வருடம் முன்னால் ஒருவர் சொல்லியிருக்க வேண்டியதை அது சொன்னது. என் ஆத்திரம் வேறு. ஒரே உத்தரவில் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட்டார்கள். மகனுக்கு மாடியில் ஒரு அறை கட்டப் போனவருக்கு அனுமதி நின்றது. விற்கலாம் என்றால் வாங்க வருகிறவர் முதல் கேள்வியாக ‘ஒரு கிலோமீட்டருக்குள்ளா வெளியிலா’ என்கிறார். தவணை மட்டும் மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போகிறது. மண்டல வரைபடத்துக்கு மஞ்சள் பூசியவர் ஓய்வூதியம் வாங்குகிறார். அனுமதிக் கோப்பில் கையெழுத்திட்டவர் பதவி உயர்வு பெற்றார். வளர்ச்சிக் கட்டணம் வாங்கிய கருவூலம் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பித் தரவில்லை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 61 பேரைப் புதைத்துக்கொண்டு சரிந்ததே பதினோரு மாடி, அதுவும் திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான். அனுமதி என்பது அரசு நமக்குத் தரும் உத்தரவாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நாம் பணம் கட்டியதற்கான ரசீது மட்டுமே என்று அனுமதி தரும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் நினைக்கிறது.

நகரத்துக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம். உங்களுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐயை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கை, 1.5இலிருந்து 2 ஆகவும், உயரமான கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் ஏற்றின. அதற்கு மேலும் வேண்டுமென்றால் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கணக்கிட்டுப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆகாயத்துக்கும் ரேட் உண்டு. தெருவில் ஆறு வீடு இருந்த இடத்தில் அறுபது குடும்பம் வரலாம். அந்தத் தெருவின் கழிவுநீர்க் குழாய்க்கு மட்டும் யாரும் எஃப்எஸ்ஐ ஏற்றவில்லை. பழைய அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு புரோக்கரிடமிருந்து தினம் போன் வருகிறது. 2024இல் அமலுக்கு வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். பாழடைந்த கட்டடங்களுக்கு அது தேவையான சட்டம்தான், மறுக்கவில்லை. மிச்சமுள்ள ஒரு பங்கில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தால், கட்டி முடியும்வரை எங்கே வாடகைக்குப் போவார், திரும்பி வருவாரா என்பதைச் சட்டப் பிரிவில் எழுத முடியாது. போகாமல் தனி வீட்டில் இருப்பவருக்குச் சொத்துவரி இருக்கிறது. 2022 உயர்வில் நகரின் மையப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் ஏற்றினார்கள். வீடு அதேதான், கூரையில் ஒழுகலும் அதேதான்.

இப்போது மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. 2046 வரைக்குமானது. குழுமத்தின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளும் வயல்களும் நிறம் பூசப்படக் காத்திருக்கின்றன. எந்த ஏரியின் பக்கத்து நிலம் மஞ்சளாகப் போகிறது என்பது வரைபடம் வரும் முன்பே சிலருக்குத் தெரியும். அவர்கள் யாரும் வீட்டுக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் அல்ல. பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாக நிலப்பயன்பாட்டு மாற்றம் வரும். நாளிதழில் திருமண அழைப்புக்கும் காணாமல் போன பத்திர அறிவிப்புக்கும் நடுவே, எறும்பு எழுத்தில், ஆட்சேபம் இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று ஒரு விளம்பரம் வரும். இதுவரை அதை வாசித்தவர்கள் விண்ணப்பதாரரும் அச்சுக்கோப்பவரும்தான்.

இந்த முறை நீங்கள் வாசியுங்கள். வரைவு வெளியானதும் உங்கள் தெருவின் சர்வே எண்களைத் தேடுங்கள். பக்கத்து ஏரி, ஓடை, கழுவெளி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நிறம் மாறியிருந்தால் யார் கேட்டு மாறியது, கோப்பில் கையெழுத்துப் போட்டது யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பெயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு வழக்குப் போடத் தேவைப்படும்.