தராசுத் தாத்தா

மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் மலையகத்தில் கிடையாது. தராசுத் தாத்தா இல்லாத தோட்டமும் கிடையாது. அட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னலோரச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். காதை மறைக்கும் கம்பளித் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், வேலை பார்த்த காலத்துக் கோட்டு, கோட்டுப் பையில், வேலைக்கு வந்தவர்கள் பேரைப் பதிகிற செக்ரோலின் பழைய தாள் ஒன்று நாலாய் மடித்து. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் அவருடைய இப்போதைய வேலை நடக்கிறது.

தொழில் என்று கேட்டால் ஓய்வுபெற்ற கங்காணி. உண்மையான தொழில் யோசிப்பது. யோசனையும் ஒரே யோசனைதான்: லயத்திலேயே இருந்துவிடுவதா, தனி வீட்டுக்குப் போவதா? தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. சேவைக்காலப் பணமும் ஈ.பி.எஃப். பணமும் கைக்கு வந்து, அதில் ஒரு பேத்தியின் கல்யாணமும் முடிந்தாயிற்று. கோடு மட்டும் இன்னும் கீழ்வரை வந்து சேரவில்லை.

எதையும் முழுசாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் தாத்தாவிடம் இல்லை. முப்பது வருஷம் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கு இவ்வளவு, மழைத்தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பதுபோலவே யார் எந்த நன்மையைச் சொன்னாலும் இரண்டு கிலோ கழித்துக்கொண்டுதான் எழுதுவார்.

லயத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீளமான ஒரு தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சின்ன வராந்தா. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசையும் உண்டு. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்து திரும்புகிறவர்களுக்காகத் துரைமார் போட்ட கொட்டகைகளிலிருந்து வளர்ந்தது இது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். பின்னால் கோப்பி நோயில் அழிந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்கள். காம்பராவின் அளவு மட்டும் அதே 10க்கு 12.

அதை வைத்துக்கொண்டு தாத்தா என்ன நன்மை எழுதுவார் என்று கேட்கலாம். போன தீபாவளிக்கு நடந்த ஒரு பேச்சில் அது வெளியே வந்தது. கொழும்பில், வெள்ளவத்தைத் துணிக்கடையில் நிற்கிற பேரன் வந்திருந்தான். போனில் ஒரு விளம்பரம் காட்டினான். கோயம்புத்தூர்ப் பக்கம் மூத்தவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆளுக்கொரு தனி வீடு, எல்லோருக்கும் பொதுவாகச் சாப்பாட்டுக்கூடம், காவல்காரர், பேச்சுத் துணைக்கு ஒத்த வயசு ஆட்கள்.

"கோயில் இருக்கா?"

"உள்ளுக்கே இருக்கு தாத்தா."

"மருந்து மாத்திரைக்கு?"

"இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க."

"மணி அடிச்சா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சாப்பிடணுமா?"

"ஆமா தாத்தா."

"பக்கத்து வீட்டுக்காரன் இருமினா கேக்குமா?"

"கேக்காது. செவுரு நல்ல கெட்டி."

"அப்ப ராத்திரியில நெஞ்சு வலிச்சா?"

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும். அமுக்கணும்."

தாத்தா போனைத் திருப்பிக் கொடுத்தார். "இங்க பட்டனே வேணாம்டா. விடியக்காலம் நான் ஒரு தரம் இருமலேன்னா எட்டாம் காம்பராக்காரன் எந்திரிச்சு வந்து கதவத் தட்டுவான். அங்க இதுக்கு மாசம் எவ்வளவு கேக்குறான்?"

பேரன் தொகையை இலங்கை ரூபாய்க்கு மாற்றிச் சொன்னான். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கோயிலு, டிஸ்பென்சரி, வாச்சர், ஒத்த வயசு ஆளுங்க, அடிச்சா ஓடுற மணி. வாடகையும் இல்லாம நாலு தலைமொறையா இருந்திருக்கோம். வெளம்பரம் போடத்தான் யாருக்கும் தோணல."

இடப்பக்கத்தில் அன்று ஐந்து வரி கூடியது. கல்யாணத்துக்குப் பந்தல் போட வாசல் உண்டு. சாவு வீட்டுக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. உப்புத் தீர்ந்தால் சுவரைத் தட்டினால் போதும். மாசியில் காமன் கூத்து நடந்தால் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஐந்தாவதைத் தாத்தா எழுதிவிட்டு அடித்துவிட்டார். அடித்ததன் கீழே படிக்க முடிகிறது: நாம் பேசினால் கேட்க ஆள் உண்டு.

வலப்பக்கம் இதைவிட நீளமாக இருக்க வேண்டியது. கழிவு போட்டுப் போட்டு அதையும் தாத்தா சிறுக்கவைத்திருக்கிறார். கூரை ஒழுகுகிறது; எல்லா இடத்திலும் ஒழுகவில்லை. நாலாம் காம்பராவில் சண்டை வந்தால் தூக்கம் போகிறது. சண்டைக்குக் காரணமும் தெரிந்துவிடுகிறது. பழைய வயரில் மின்னொழுக்கு வந்து ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுக்க எரியும். இதற்குக் கழிவு கண்டுபிடிக்கத் தாத்தாவாலேயே முடியவில்லை.

தனி வீட்டுக் கதைக்கு வருவோம். 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது தாத்தாவும் கூட்டத்தில் நின்றார். மலையகத்துக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடு என்று மேடையில் அறிவித்ததும் கூட்டம் கைதட்டியது. தாத்தா பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பக்கம் பாத்த வாசலாம்?"

மறுவருஷம் ஆகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகளைக் கையளித்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். அங்கே தூரத்து உறவில் ஒரு காதுகுத்து வந்தது. தாத்தா மொய்க் கவரோடு அளவு நாடாவையும் எடுத்துப் போனார். 7 பேர்ச்சஸ் காணி. சதுர அடிக்கணக்கில் 1,900 சொச்சம். அதில் 550 சதுர அடி வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, குசினி, உள்ளுக்கே கக்கூஸ். தாத்தா மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார்: நாலு காம்பராவுக்கும் மேலே.

எல்லாவற்றையும்விட ஒன்று அவரை உலுக்கியது. வீட்டு வாசலில் நம்பர் இருந்தது. லயத்துக்குத் தெருப்பெயரோ இலக்கமோ ஏது? கடிதமெல்லாம் தோட்டத்து முகவரிக்கு வரும். வந்து ஆபீஸில் இளைப்பாறும். அந்தப் பக்கம் போகிற யாராவது கையில் கொடுத்தனுப்பும்வரை அங்கேயே கிடக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கூப்பிட்ட கடிதம் கைக்கு வந்த கதை லயத்துக்கு ஒன்று உண்டு. தன் பெயருக்கு, தன் இலக்கத்துக்கு, தபால்காரர் கதவைத் தட்டிக் கடிதம் கொடுப்பதைத் தாத்தா கற்பனை செய்து பார்த்தார். நன்மை என்று எழுதினார். அன்று கழிவே போடவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் தீமைகள் வந்துவிட்டன. லயத்தில் கூரை ஒழுகினால் ஆபீசுக்குப் போய்ச் சொல்லலாம். செய்ய மாட்டார்கள், ஆனாலும் சொல்லலாம். சொந்த வீட்டில் ஒழுகினால் யாரிடம் சொல்வது? மேசன் பாஸுக்குக் கூலி நாமே கொடுத்துவிட்டு, வேலை சரியில்லை என்று நம்மையே திட்டிக்கொள்ள வேண்டும். வேலி போட வேண்டும். வேலி போட்டால் வேலிச் சண்டை வரும். லயத்தில் வேலியும் இல்லை, வேலிச் சண்டையும் இல்லை. அங்கே நடப்பது வேறு சண்டைகள், அவை பழகிப்போனவை.

கொழும்புக்கே வந்துவிடுங்கள் என்கிறான் மகன். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. தாத்தா போய்ப் பார்த்தார். லிஃப்ட் இருக்கிறது, கதவைச் சாத்தினால் காம்பராவைவிட இருட்டு, பூசணிக்கொடி படர ஒரு சாண் மண் இல்லை. தோட்டத்திலும் ஒரு காலத்தில் மாடி வீடுகள் கட்டிப் பார்த்தார்கள்; மாடி லயம் என்று ஜனங்கள் அதை ஒதுக்கினார்கள். கொழும்பில் கட்டியதும் அதுதான், கொஞ்சம் உயரம் கூட என்பது தாத்தாவின் முடிவு.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் ஒரு விஷயத்தில் தாத்தா விளையாடுவதில்லை. மழைக்காலத்தில் மலையைப் பார்ப்பார். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டின் பல இடங்களில் மண் இறங்கியது. அதற்குப் பிறகு யார் வீட்டுத் திட்டம் பேசினாலும் தாத்தாவின் முதல் கேள்வி வாசலைப் பற்றி இல்லை. "கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரன் வந்து எடத்தப் பாத்து எழுதிக் குடுத்தானா?" இதைக் கேட்கும்போது தாள் கோட்டுப் பையிலேயே இருக்கும்.

அப்படியானால் ஏன் இத்தனை வருஷ யோசனை? அவரைக் கேலி செய்கிற இளவட்டங்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் யாரிடமும், எங்கே இருக்க விருப்பம் என்று எவரும் கேட்டதில்லை. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த கிழவனுக்குக் காம்பராவைக் காட்டியது பெரிய கங்காணி. 1948 இல் நாட்டுரிமை போனது. அதையும் இவர்களைக் கேட்டு எடுக்கவில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதாவது பறித்தவள் பக்கத்தில் நிற்பாள். இவர்களை நிறுத்த இடத்தில் இவர்கள் இல்லை. தாத்தாவின் சித்தப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூரில் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. கடல் தாண்டிப் போயும் அங்கே காட்டியது ஒரு லயத்தை.

நாலு தலைமுறைக்குப் பிறகு, "போறீங்களா, இருக்கீங்களா?" என்ற கேள்வி முதல்முறையாக இந்த வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. பதில் சொல்லிவிட்டால் கேள்வி போய்விடும். தாத்தா அதை வைத்துக்கொண்டு ருசிக்கிறார். இஸ்தோப்பில் பிளேன்டீயும் வெல்லமுமாக உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டு, எவருடையதையும் ஏற்காமல், தராசைக் கீழே வைக்க மனமில்லாமல் இருக்கிறார்.

இந்த ருசிக்கு விலை கொடுப்பவர் பாட்டி. தாத்தா எழுதிய நன்மைகள் எல்லாம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கிறவை. பீலித் தண்ணிக்கு வரிசையில் நிற்பதும், அடுப்புப் புகையில் கண் எரிவதும், மழை ராத்திரியில் பேத்தியை எழுப்பி டோர்ச் அடித்துக்கொண்டு பொதுக் கக்கூசுக்குக் கூட்டிப் போவதும் அவர் பங்கு. பாட்டி இன்னும் கொழுந்துக்குப் போகிறார். கிலோ குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, விழுந்த நாட்களில் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும்போது, தாத்தா ஏழாவது நன்மையைப் படித்துக் காட்டுவார்.

ஒருநாள் பாட்டி இடைமறித்தார். "இந்தாங்க, அந்த வீட்ல கக்கூஸு உள்ளுக்கு இருக்கா?"

"இருக்கு. ஆனா, ஏ புள்ள, வேலி..."

"குசினியில பைப் இருக்கா?"

"இருக்கு. அதுக்கு ரெண்டு கழிக்கணும், ஏன்னா..."

"நீங்க கழிச்சுக்கிட்டே இருங்க" என்று பாட்டி முகம் கழுவப் போய்விட்டார்.

இவர்கள் தோட்டத்துக்கு வீட்டுப் பட்டியல் வந்தபோதுதான் தாத்தாவுக்கு விவரம் தெரிந்தது. செக்ரோலில் இப்போது பேர் விழுவது பாட்டிக்கு. விண்ணப்பத்தில் பேரும் பாட்டியுடையதுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து மூன்று மாதமாகிறது. தோட்டத் தலைவரிடம் கொடுத்த நாளில் தாத்தா அளவு நாடாவோடு கொட்டாஞ்சேனையில் இருந்தார். காணிக்குச் சீட்டுக் குலுக்கியபோதும் பாட்டியே எடுத்தார். கிழக்குப் பார்த்த வாசல்.

தாத்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாமான் ஏற்றிய டிராக்டரில், முதல் ஆளாக முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது அவர் புது வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். திண்ணை திட்டத்தில் இல்லாதது. பேச ஆள் உட்கார இடம் வேண்டும் என்று தாமே மேசன் பாஸை வைத்துக் கட்டிக்கொண்டது. பழைய லயத்தில் மிச்சமிருக்கிற கிழவர்கள் சாயங்காலங்களில் ஏறி வந்து, "வரலாமா, வேணாமா கங்காணி?" என்று கேட்கிறார்கள்.

"இதுல யோசிக்க என்னாய்யா கெடக்கு?" என்று தாத்தா எரிந்து விழுகிறார். "நல்லதுக்கு யாராவது கணக்குப் பாப்பானா? பொம்பளைங்க ராத்திரியில மழையில நனையிறது கண்ணுக்குத் தெரியலியா?"

பாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கிறார். வந்தவர்களில் இரண்டு பேர் தாள் கொண்டுவந்திருக்கிறார்கள்.