அப்புத்தளைத் துடைப்பியல்: ஒரு முன்னாய்வு

அப்புத்தளையில் ஒரு நாளில் எத்தனை கண்ணாடிகள் எத்தனை தடவை துடைக்கப்படுகின்றன என்று இதுவரை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. கடல் மட்டத்துக்கு மேலே 1,400 மீற்றரைத் தாண்டிய ஒரு முகட்டில், ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கும் மறுபக்கம் தெற்கே சரிந்திறங்கும் சமவெளியுமாகக் குந்தியிருக்கும் ஊர் இது. பின்னேரமானால் மூடுபனி கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிடும். உடனே பஸ் சாரதி முன்கண்ணாடியைத் துடைப்பார், கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், சலூன்காரர் சுவர்க்கண்ணாடியைத் துடைப்பார். கூர்ந்து நோக்கினால் இவற்றுள் மூன்று மரபுகள் புலப்படும்: முந்தானை மரபு, சாரத்து நுனி மரபு, பழைய பேப்பர் மரபு. துடைக்குமுன் ‘ஹா’ என்று வாயால் ஊதுவது மூன்றுக்கும் பொதுவான சடங்கு. வீட்டுக் கண்ணாடிக்கு இவை தாராளமாகப் போதும். தொலைநோக்கிக்குள் இருக்கும் கண்ணாடிக்கோ (பாடப்புத்தகம் அதை ‘ஆடி’ என்கிறது) மூன்றுமே எமன். அந்த ஆடியைத் துடைக்கும் முறைகளில் தலையாயது துடைக்காமல் விடுவதே என்று நிறுவுவதுதான் இவ்வாய்வின் நோக்கம்.

லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் முகக்கண்ணாடிக்கு மினுக்கம் முதுகில் இருக்கிறது. அதற்கு முன்னால் கண்ணாடித் தகடு, பின்னால் சாயப்பூச்சு. ஆகவே நாம் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் தேய்வது தகடுதான். தொலைநோக்கி ஆடிக்கு மினுக்கம் முகத்திலேயே இருக்கிறது. நட்சத்திர ஒளி கண்ணாடிக்குள் நுழையாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வில்லியம் ஹேர்ஷெல் காலத்து ஆடிகள் முழுக்க உலோகம். கறுத்துப்போனால் மறுபடி மெருகிடவேண்டும், மெருகிட்டால் வளைவு கெடும். 1857 அளவில் பூக்கோவும் ஸ்டைன்ஹைலும் கண்ணாடிமேல் வெள்ளி பூசினார்கள். 1930களில் ஜோன் ஸ்ட்ரோங் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தார். அந்தப் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 100 நனோமீற்றர், அதாவது தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. இதன்மேல் கிடக்கும் தூசியில் மண்துகளும் உண்டு. லேஞ்சியால் ஒரு இழு இழுத்தால் லேஞ்சி அரத்தாளாகிவிடும். தமிழ்நாட்டுக் காவலூரில் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி மங்கினால், பழைய படலத்தைக் கழற்றிவிட்டு வெற்றிடக் கலத்தில் புதிதாகப் பூசுவார்கள். தொலைநோக்கி வைத்திருக்கும் அப்புத்தளைக்காரருக்கு அந்த வசதி இல்லை. கீறலோடு அவர் காலம் தள்ளவேண்டியதுதான்.

“தூசி படிந்தால் காட்சி மங்காதா?” என்பது முதல் ஆட்சேபம். மங்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நியூட்டன் வகைத் தொலைநோக்கியில், வரும் ஒளியின் வழியிலேயே இரண்டாவது ஆடி ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அகலம் பெரிய ஆடியில் காற்பங்கானால், நூற்றுக்கு ஆறு பங்கு பரப்பு பிறக்கும்போதே மறைந்துபோகிறது. அந்த ஆறைச் சகிக்கும் மனிதர் தூசி மறைக்கும் ஒன்றுக்காக ஏன் சாரத்தைத் தூக்கவேண்டும்? இன்னும் வலுவான சான்று டெக்சாஸிலிருந்து வருகிறது. 1970இல் மக்டொனால்ட் வானாய்வகத்தின் 107 அங்குல ஆடியை ஊழியர் ஒருவர் கைத்துப்பாக்கியால் பல தடவை சுட்டார். ஆடி சிதறவில்லை. குழிகளால் ஒளியில் சுமார் நூற்றுக்கு ஒன்றுதான் குறைந்தது, ஆராய்ச்சியும் தொடர்ந்தது. துப்பாக்கிக்குத் தப்பிய ஆடிகள் உலகில் உண்டு. முந்தானைக்குத் தப்பியதைத்தான் காணோம். சிலர் இரவில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஐயோ அழுக்கு என்று பதறுவார்கள். சாய்வாக டோர்ச் அடித்தால் நேற்றுக் கடையிலிருந்து வந்த ஆடிகூட அழுக்காகத்தான் தெரியும். அந்தச் சான்றை இவ்வாய்வு ஏற்பதற்கில்லை.

இரண்டாவது ஆட்சேபம் மலைநாட்டுக்கே உரியது. மூடுபனி என்பது ஆவியாகிக் குளிர்ந்த தண்ணீர், காய்ச்சி வடித்தது போன்றதே. அது ஆடியைத் தானாகக் கழுவிவிடாதா என்று கேட்கலாம். கேள்வி அழகானது, விடை அழகில்லாதது. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு நுண்துகளைப் பற்றிக்கொண்டுதான் உருவாகிறது. அது ஆடியில் படிந்து, அங்குள்ள தூசியையும் கரைத்து, காய்ந்ததும் வட்ட வட்டமாகக் கறை வைத்துவிட்டுப் போகும். அதற்காக ஈர ஆடியைத் துடைக்கவும் கூடாது. ஈரத்தோடு சேர்ந்த தூசி சேறு. தொலைநோக்கிக் குழாயைச் சரித்து, தானாகக் காயவிட்டு, காய்ந்தபின் மூடியைப் போடவேண்டும். சும்மா இருத்தலின் அருமையைத் தாயுமானவர் மனத்துக்குத்தான் பாடினார். ஆடிக்கும் அது பொருந்தும் என்பது இத்துறையின் பணிவான பங்களிப்பு.

விலக்குகளும் உண்டு. பல்லி எச்சம், விரல் ரேகை, மகரந்தம் ஆகியவை படலத்தை அரிக்கக்கூடியவை, அவற்றை விட்டுவைக்கக்கூடாது. அப்போது முதலில் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். பேசினுக்குள்ளே துவாய் விரித்து, ஆடியைச் சாய்த்து வைத்து, ஓடும் தண்ணீர் தூசியை அள்ளிப்போக விடவேண்டும். காலையில் பீலித் தண்ணீர் விறைக்கும். அதற்காகக் கொதிநீர் ஊற்றினால் தடித்த கண்ணாடி வெடிக்கலாம், வெதுவெதுப்பே போதும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் ஆடியை ஊறவிடவேண்டும். பாமசியில் வாங்கிய சுத்தப் பஞ்சை நனைத்து, அதன் பாரத்தோடு மட்டும், அமுக்காமல் ஒரே திசையில் ஒரு இழு. அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. இங்கே தேயிலைச் செடி ஒரு மாதிரியைத் தருகிறது: இரண்டு இலையும் ஒரு மொட்டும் வாதைப் பறித்துவிடாமல் விரல் நுனியில் கழன்று வருவதுபோல அழுக்கும் வரவேண்டும். கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசல். பற்றரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதில் அசிட் கலக்காதது. ஆடியைச் சரித்து நிறுத்தி, அடியில் தேங்கும் துளியைத் தாள் நுனியால் ஒற்றி எடுக்கலாம். எஞ்சுவது, ஆடியைத் திரும்ப மாட்டி, திருகுகளைத் திருப்பி ஆடிகளின் அச்சுகளை நேராக்குவது. பழக்கமில்லாதவருக்கு அதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் மூடுபனி ஏறிவிடும்.